தண்ணீர், துரு, தீட்டு

(மகத் நாளையொட்டிச் சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரிதும் மாற்றப்படவில்லை.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை "தண்ணியைப் பத்திப் பேசுங்க, நீங்கதான் கெமிஸ்ட்ரி படிச்சவராச்சே" என்று சொல்லிவிட்டார்கள். பி.எஸ்.சி. வேதியியல் படித்தது உண்மை. படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை. வங்கியில் எழுத்தர். பாஸ்புக் வரி போடுவது, நகைக் கடன் சீட்டு எழுதுவது, முதியோர் உதவித்தொகைக்கு வருகிற ஆயாக்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. ஆனால் படித்தது எங்கேயும் போய்விடுவதில்லை. எப்போதாவது ஒரு நாள் வந்து சட்டையைப் பிடிக்கிறது. அப்படி என் சட்டையைப் பிடித்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் கதாநாயகன் இரும்பு.

முதல் சம்பவம் எங்க நைனாவுடையது. அவர் இந்த ஊரில் ஒரு சாயப் பட்டறையில் தண்ணீர் தூக்கினவர். பட்டறை பேர் வேண்டாம், முதலாளி பேரும் வேண்டாம். பட்டுக்குச் சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் ஆகாது, இரும்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. இரும்பு கலந்தால் நிறம் செத்துப்போகும். அதனால்தான் தாமிரப் பாத்திரத்தில் சாயம் காய்ச்சுவார்கள். ஒரு நாள் வழக்கமான வாளி உடைந்துபோய், மூலையில் கிடந்த பழைய இரும்பு வாளியை எடுத்துக் கொடுத்து, இதில் மொண்டு ஊத்துடா என்று சொன்னதே பட்டறைக்காரர்கள்தான். அடி முழுக்கத் துரு. அன்றைக்கு மாம்பழ மஞ்சளாக வரவேண்டிய கழிகள் எல்லாம் அழுக்கு மஞ்சளாக வந்தன. முதலாளி வந்து பார்த்தார். வாளியையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவன் கை பட்ட தண்ணிடா இது. வேற எப்படி வரும்?"

ஒரு வாரக் கூலி பிடித்தார்கள். அதை நைனா பெரிசா எடுத்துக்கல. கூலி போறது அவருக்குப் பழக்கம். வாளியின் துருவை எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகும், குற்றம் வாளி மேல் விழாமல் கை மேல் விழுந்ததே, அதை அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்க வீட்டில் அதற்கப்புறம் இரும்பு வாளியே வாங்கவில்லை.

இன்று மகத் நாள். 1923-இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளம் கிணறுகள் எல்லோருக்கும் உரியவை என்றது. 1924-இல் மகத் நகராட்சியும் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் தடி எடுத்துக்கொண்டு வந்து அடித்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 108 குடம். சாணி, மாட்டு மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்து, மந்திரம் சொல்லி ஊற்றினார்கள். தண்ணீரை வடிகட்டும் முறைகளில் இது ஒரு முறை! ஊற்றுவதற்கு முன்னால் தண்ணீரில் என்ன இருந்தது, ஊற்றிய பிறகு என்ன இருந்தது என்று எந்த வேதியியல்காரனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். குளம் நம்முடையதும்தான் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆயிற்று. பத்து வருஷம்.

நான் இதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் சுத்தமா அசுத்தமா என்பதை யார் தீர்மானிப்பது, எதைக் கொண்டு தீர்மானிப்பது?

இரண்டாவது சம்பவம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. எங்கள் வங்கிக் கிளைக்கு ஓர் அக்கா வருவார்கள். நூல் சுற்றுகிற வேலை. ஒரு நாள் கம்மலைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான்தான் சீட்டு எழுதினேன். என்னக்கா அவசரம் என்று கேட்டதற்கு, தண்ணி மிஷின் வாங்கப் போறேன் தம்பி என்றார்கள். அப்புறம்தான் கதை வெளியே வந்தது. கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் தெருவுக்கு வந்திருக்கிறான். இரண்டு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் மிஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு சின்னக் கருவியைச் செருகி, மின்சாரம் கொடுத்திருக்கிறான். ரெண்டு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் காவி நிறமாகிக் கலங்கி, திப்பி திப்பியாகச் சேறு மிதந்திருக்கிறது. அவன் தண்ணீர் அப்படியே பளிங்கு மாதிரி. "இதைத்தாம்மா உங்க குழந்தைங்க குடிக்குது" என்றானாம். தெருவே பயந்துபோய்விட்டது.

தம்பிகளே, அது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. அவன் செருகிய இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. சாதாரணத் தண்ணீரில் உப்புகள் இருக்கின்றன, மின்சாரம் பாயும், இரும்பு கரையும். எதிர் சவ்வூடு மிஷினில் வந்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, இரும்பும் அவ்வளவாகக் கரையாது. அவ்வளவுதான் வித்தை. மூன்றாம் வருஷம் நான் செய்த பரிசோதனை அது. அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது கடன் எடுத்தாகிவிட்டது, மிஷினுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. முந்தின நாள் அந்தச் சீட்டில் என் கையெழுத்து. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கும் முன்பே நானாகக் கேட்டிருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் காட்டிய ஏமாற்று வித்தை, வேறோர் இடத்தில் உயிர் காக்கிற வித்தை. மேற்கு வங்கத்தில், தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில், தப்தபி என்கிற ஊரின் பள்ளிக்கூடத்தில் 2016-இலிருந்து ஒரு நிலையம் நடத்திப் பார்த்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருக்கிற அசோக் காட்கில் என்கிற விஞ்ஞானியின் முறை. இரும்புத் தகடுகளைத் தண்ணீரில் வைத்துக் கொஞ்சம் மின்சாரம் விடுகிறார்கள். தகடு கரைந்து துரு உண்டாகிறது. அந்தத் துரு, தண்ணீரில் இருக்கிற ஆர்சனிக் என்கிற விஷத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது. மேலே நிற்பது குடிக்கிற தண்ணீர். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர்.

ஆக எங்க நைனாவுக்குக் கூலி போகக் காரணமான துரு, அந்த அக்காவைப் பயமுறுத்திய துரு, இங்கே விஷத்தை இறக்குகிறது.

ஆர்சனிக் நமக்குப் புதுசு இல்லை. நம்ம பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அரிதாரம் பூசுகிறான் என்கிறோமே, அந்த அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பதும் ஆர்சனிக்தான். கல்லாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீரில் கரைந்துவிட்டால் நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர்தான் வற்றும், விஷம் அப்படியே நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வைத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேலே போனால் வருஷக்கணக்கில் குடிக்கிறவர்களின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்து, முடிச்சு முடிச்சாக ஆகும். பிறகு தோலில், சிறுநீர்ப்பையில், நுரையீரலில் புற்று.

1983-இல் கல்கத்தா வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா இந்தப் புள்ளிகளோடு வந்த கிராமத்து மனிதர்களைப் பார்த்தார். குடிக்கிற தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அப்புறம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகப் போய்த் தண்ணீரும், முடியும், நகமும் சேகரித்துக்கொண்டே இருந்தார். 2018-இல் சாகும் வரை அவருக்கு அதே வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தில் இன்னும் மோசம். 1970-களில் இருந்து, குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகிறார்கள் என்று யுனிசெஃப்பும் அரசாங்கமும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போடச் சொன்னார்கள், போட்டார்கள். நல்ல எண்ணம்தான். கிருமி போயிற்று. ஆனால் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. 2000-இல் வந்த கணக்குப்படி மூன்றரைக் கோடியிலிருந்து ஏழு கோடியே எழுபது லட்சம் பேர் வரை ஆபத்தில் இருந்தார்கள். வரலாற்றிலேயே ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் என்று எழுதினார்கள். பிரிட்டிஷ் நிலவியல் துறை 1992-இல் அங்கே தண்ணீர் ஆய்வு நடத்தி, ஆர்சனிக்கைப் பார்க்காமலே அறிக்கை கொடுத்தது. கிராமத்து மக்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். பிரபுக்கள் சபை 2006-இல் தள்ளுபடி செய்தது. உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள் இல்லை இவர்கள் என்பது தீர்ப்பின் சாரம். பழக்கமான வாக்கியமாக இருக்கிறதல்லவா?

இந்த விஷம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரும்பின் இரட்டை வேஷம் இருக்கிறது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அந்த மண் துகள்கள் மேல் மெல்லிய துருப் பூச்சு. அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான வருஷம் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் மக்கிய தழையும் சேறும் நிறைந்த, காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்தால் அதில் ஒட்டியிருந்ததும் தண்ணீருக்கு வந்துவிடும். குழாய்க் கிணறு சரியாக அந்த ஆழத்துத் தண்ணீரைத்தான் உறிஞ்சியது. காற்றுப் பட்டுக்கொண்டிருந்த பழைய தோண்டு கிணறுகளில் பெரும்பாலும் இவ்வளவு விஷம் இல்லை.

மேலே வந்த தண்ணீரைத் திரும்பக் காற்றில் வைத்தால்? கரைந்த இரும்பு மறுபடி துருவாகிறது. அது மறுபடி ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் மொத்த விஷயமும். கிணற்றுத் தண்ணீரிலேயே இரும்பு போதுமான அளவு இருந்தால், இரவு முழுக்கக் குடத்தில் வைத்துக் காலையில் மேலாக வடித்தாலே ஒரு பங்கு குறையும். ஆனால் ஒரு பங்குதான். போதாது. அதனால் இரும்பை நாம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஆர்சனிக் தண்ணீரில் இரண்டு வேஷம் போடும். ஒன்று ஆர்சனேட். அதற்கு மின்சுமை உண்டு, துருவைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று ஆர்சனைட். அதற்குச் சுமை கிடையாது, துருவுக்குச் சரியாகப் பிடி கொடுக்காமல் நழுவும். விஷமும் அதற்குத்தான் அதிகம். ஆழ்கிணற்றில் வருவது பெரும்பாலும் இதுதான். இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகும் அந்த வேளையில், நழுவுகிற வேஷத்தில் ஒரு பகுதியை ஒட்டுகிற வேஷமாகவும் மாற்றிவிடுகிறது. புதுத் துருதான் வேலை செய்யும். பழைய, காய்ந்து கெட்டியான துருவுக்கு அந்தப் பசி கிடையாது. புதிதாக உண்டான துருவின் துகள்கள் அவ்வளவு சின்னவை. ஒரு கிராம் துருவின் பரப்பை விரித்துப் போட்டால் இருநூறு சதுர மீட்டருக்கு மேலே வரும். நான் வீட்டுக் கடன் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு மனைக் கணக்குத்தான் வரும்: ஏறக்குறைய ஒரு கிரவுண்டு. ஒரு கிராம் துருவுக்குள் ஒரு கிரவுண்டு! மூன்று தலைமுறையாகப் பட்டா கேட்டு மனுக் கொடுக்கிற தெருவில் பிறந்தவனுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

இதை வைத்து என்னென்ன செய்து பார்த்தார்கள்? வங்கதேசத்தில் மூன்று கோல்ஷி. கோல்ஷி என்றால் நம்ம பானைதான். மூன்று மண்பானையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேல் பானையில் மணலும் இரும்புத் துருவலும், நடுவில் கரியும் பொடி மணலும், கீழே வடிந்த தண்ணீர். ஆர்சனிக் நன்றாகக் குறைந்தது. ஆனால் சில மாதங்களில் இரும்புத் துருவல் ஒன்றோடொன்று பிடித்துக் கல்லாக இறுகித் தண்ணீர் இறங்காமல் போயிற்று. நேபாளத்தில் மணல் வடிகட்டி மேலே பூச்சில்லாத இரும்பு ஆணிகளைப் பரப்பினார்கள், காஞ்சன் என்று பேர். கடையில் கிடைக்கிற ஆணி. சில தண்ணீருக்குச் சரியாக வேலை செய்தது, சில இடத்தில் செய்யவில்லை. தண்ணீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் அதிகமிருந்தால் அவை முந்திக்கொண்டு துருவில் இடம்பிடித்துவிடும். அங்கேயும் இடப்போட்டி. வங்கதேசத்தின் குஷ்டியாவில் பிறந்த அபுல் ஹுசாம், இறுகாமல் இருக்கும்படி இரும்பைப் பக்குவப்படுத்தி, இரண்டு வாளியில் சோனோ வடிகட்டி செய்தார். 2007-இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. நமக்குப் பக்கத்தில், சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழு, இறால் நண்டு ஓடுகளில் இருந்து எடுக்கிற கைட்டோசான் என்கிற பொருளுக்குள் துருவின் மிக நுண்ணிய துகள்களை வளர்த்து, அது பழைய துருவாக மாறிவிடாமல் பிடித்து வைத்தார்கள். அம்ரித் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் மேல் விமர்சனம் உண்டு, பொருள் மேல் இல்லை. அறை வெப்பத்தில் தண்ணீரிலேயே தயாராகிறது, லிட்டருக்குச் சில பைசாதான் செலவு என்கிறார்கள். மேற்கு வங்கம் தொடங்கிப் பல மாநிலங்களில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு "அப்புறம் என்ன, பிரச்சினை தீர்ந்ததே" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். மேற்கு வங்கத்தில் பருய்ப்பூர் பக்கம் பல கம்பெனிகளின் ஆர்சனிக் நீக்கும் நிலையங்களை, இருபதுக்குக் கிட்ட, வரிசையாக நிறுத்தி ஜாதவ்பூர்காரர்கள் தொடர்ந்து சோதித்தார்கள். 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்கிற தளர்ந்த அளவைக்கூடத் தொடர்ந்து காப்பாற்றியவை இரண்டே இரண்டு. 10 என்கிற அளவை ஒன்றுகூடக் காப்பாற்றவில்லை. இரும்பு தோற்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் மறுபடி வரவில்லை. பின்னோட்டமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ ஆளில்லை, கழுவும் ஆளுக்குச் சம்பளமில்லை.

அதற்கு எதிரான உதாரணமும் அதே வங்கத்தில் உண்டு. அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் இருக்கிற அரூப் சென்குப்தாவும் ஷிப்பூர் பொறியியல் கல்லூரிக்காரர்களும் 1997-இலிருந்து கைப்பம்புகளில் வைத்த கருவிகளைக் கிராமத்துக் குழுக்களே நடத்தின. மாதச் சந்தா வசூலித்தார்கள், கணக்கு எழுதினார்கள். எழுத்தன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நோட்டுப் புத்தகம் இருக்கிற இடத்தில் வடிகட்டி உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று, பிடிபட்ட விஷம் எங்கே போகிறது? துருச் சேற்றைக் குழி தோண்டி மூடினால், காற்றில்லாத இடத்தில் துரு மறுபடி கரையும், ஆர்சனிக் மறுபடி வெளியே வரும். அதனால் அந்தக் குழுக்கள் சேற்றைக் காற்றுப்படும் மணல் படுக்கை மேல்தான் வைக்கின்றன. ஒரு வடிகட்டி எந்த ஊருக்கு வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: சேற்றை யார் அள்ளுவது? யார் கையால்? இந்த நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நோய் வந்த பிறகு நடப்பதைக் கேளுங்கள். கையில் முடிச்சும் உடம்பில் புள்ளியும் வந்தவர்களைக் குஷ்டரோகி என்று ஒதுக்கினார்கள். பெண்களைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள், கல்யாணம் நின்றது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தள்ளி உட்கார வைத்தார்கள். தொற்றாத நோய்க்கு ஒரு தீண்டாமை. வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, விஷமுள்ளதற்குச் சிவப்பும் இல்லாததற்குப் பச்சையும் அடித்தார்கள். சுமார் 14 லட்சம் சிவப்பு. சிவப்புக் கிணற்றுக்காரி பச்சைக் கிணற்றுக்காரர் வாசலில் குடத்தோடு போய் நிற்க வேண்டும். அந்த நிற்பு நமக்குத் தெரியும். எங்க ஆயா ஊர்க் கிணற்றடியில், யாராவது மேலிருந்து ஊற்றுவார்களா என்று நின்ற நிற்பு அது.

தெற்கேயும் இது உண்டு. கர்நாடகத்தில் யாதகிரி மாவட்டத்தில் கிரதல்லி தாண்டா என்று ஒரு லம்பாணி மக்களின் குடியிருப்பு. அங்கே லம்பாணிகள் பட்டியல் சாதியினர். பக்கத்தில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம். தங்கத் தாது இருக்கிற பாறையில் ஆர்சனிக்கும் இருக்கும். தங்கம் எங்கோ போயிற்று, ஆர்சனிக் தாண்டாவின் ஆழ்துளைக் கிணற்றில் நின்றது. புள்ளிகள், புற்றுகள். ஆய்வுக்காரர்கள் வந்து கண்டுபிடிக்கும் வரைக்கும் அவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

சரி, காஞ்சிபுரத்தில் என்ன? இங்கே ஆர்சனிக் இருக்கிறது என்று பயம் காட்ட நான் வரவில்லை. டை கட்டிய பையனுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். ஆனால் நாம் பாலாற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள். மேலே, ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1995-இல் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேலே குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அதைச் சுற்றித் தோல் பதனிடும் ஊர்கள். தோலை உரித்ததும் சுமந்ததும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றதும் யார் என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில், கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்றது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அந்தக் குரோமியத்துக்கும் இரும்புதான் மாற்று. ஆறு சுமையுள்ள குரோமியம் நஞ்சு, தண்ணீரோடு ஓடும். இரும்பு அதை மூன்று சுமையுள்ளதாக இறக்கினால் நஞ்சு பெருமளவு குறையும், சுண்ணாம்பு சேர்த்தால் படிந்துவிடும். இதற்குப் பயன்படுவது இரும்பு சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்கு. இவ்வளவு மலிவான மருந்து இருந்தும் குவியல் ஏன் இத்தனை வருஷம் மழையில் கரைந்துகொண்டிருந்தது? இதற்குப் பதில் வேதியியலில் கிடையாது.

ஒரு இடைச்செருகல். 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வை வைத்து, இந்த மண்ணில் இரும்பின் வயது 5,300 வருஷம் என்று அறிவித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். இவ்வளவு காலமாக இரும்பு தெரிந்தவர்கள், 2019-இல் அத்தி வரதரை வெளியே எடுக்க இந்தச் சின்ன காஞ்சிபுரத்துக் குளத்தை ஒரு சொட்டு விடாமல் இறைத்து, 48 நாள் கழித்து மறுபடி நிரப்பத் தெரிந்தவர்கள், நம்ம தெருக் குழாயின் சோதனை அறிக்கை எங்கே என்று கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரும்பால் ஆகாததும் உண்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. 2025-இல் குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தெருவின் இளைஞர்கள் பக்கமே திரும்பியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. கண்ணெதிரே துரு வாளி இருக்க, கையைக் காட்டிய அதே விரலாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

ஒரு மாணவத் தம்பி கூட்டத்துக்கு முன்னால், ஆணி வாங்கிக் குடத்தில் போட்டால் போதுமாண்ணே என்று கேட்டார். போதாது. நானே போட்டுப் பார்த்தேன். எங்கம்மா "ஏற்கெனவே துருவால பட்டது போதாதாடா" என்று குடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் போடக்கூடாது. முதலில் சோதனை. ஊராட்சியில் கொடுத்திருக்கிற சோதனைப் பெட்டியில் எல்லா விஷமும் தெரியாது. ஆர்சனிக்கும் குரோமியமும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டியவை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு இதே இடத்தில் கூடுகிறோம். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர். சுத்தமான, மூடியுள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் தெருவுக்கு இரண்டு. பம்பை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டு, கழுத்து வரை பிடியுங்கள். குரோமியத்துக்கான பாட்டில் தனி, அதில் அமிலம் விடக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அதிகபட்சம் மறுநாள் காலைக்குள் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கொண்டுபோவது என் பொறுப்பு. பாட்டில் மேல் தெருப் பெயர், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுத வேண்டும். பேனா மழையில் அழியும், பெயிண்டில் எழுதுங்கள். நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், இங்கே மேசை மேல் இருக்கிறது. போகும்போது பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.